கிடார் கழுத்துக்குக் குழி பெரிதாக்க எந்த பிட்?

ரூட்டர் என்றதும் வீட்டு மூலையில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் வைஃபை டப்பாவை நினைத்து உள்ளே வந்தவர்கள் மன்னிக்கவும். இது மர வேலைக்காரர்கள் கையில் ஙொய்ய்ய் என்று அலறும் ரூட்டர். நம்ம ஊர் ஆசாரிகள் சின்னதாக இருந்தால் டிரிம்மர் என்பார்கள். பேங்க் ஆபீசருக்கும் இதற்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்கிறவர்களுக்கு ஒரே பதில்: மாற்றல்.

இருபது வருட சர்வீஸில் எட்டு ஊர். மூட்டை கட்டி, பிரித்து, மறுபடி கட்டி. கடைசி மூட்டையில், கல்கத்தா வந்து இறங்கியபோது (கோல்கத்தா என்று எழுதினால் எனக்கு ஒட்டவில்லை), என் பழைய எலெக்ட்ரிக் கிடாரின் உடம்பு இரண்டாகப் பிளந்திருந்தது. மேலே மாவு கிரைண்டர் வைத்து ஏற்றியிருக்கிறார்கள். லாரிக்காரரிடம் சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது. கழுத்து மட்டும் பிழைத்தது. 1999-ல் திருச்சியில் பி.காம். படிக்கும்போது ஹாஸ்டல் சீனியர் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பெயர் தெரியாத காப்பி கிடார்தான். ஆனால் அந்தக் கழுத்து 25 வருடத்தில் நூல் அளவு கூட வளையவில்லை. பெரியவளுக்கு இப்போது பதினேழு வயது. பிடித்தால் இந்தக் கழுத்தைத்தான் பிடிப்பேன் என்கிறாள். அடுத்த வருடம் ஹாஸ்டல் போகிறவள். அதற்குள் ஒரு புது உடம்பில் இதைப் பொருத்திக் கொடுக்க வேண்டும் என்பதுதான் எனக்கிருந்த டார்கெட். ஜோனல் ஆபீஸ் கொடுத்த டார்கெட்டை விடக் கறாரானது.

எலெக்ட்ரிக் கிடாரில் பெரும்பாலும் கழுத்து ஒட்டப்பட்டிருக்காது. உடம்பில் ஒரு செவ்வகப் பள்ளம் இருக்கும். நெக் பாக்கெட் என்று பெயர். கழுத்தின் அடிப்பாகம், அதாவது ஹீல், அதில் உட்கார, பின்னாலிருந்து நாலு ஸ்க்ரூ. அவ்வளவுதான். இந்த முறையை உலகம் முழுக்கப் பரப்பியவர் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊர்க்காரர் லியோ ஃபெண்டர். மனிதர் படித்தது அக்கவுண்டிங்! கணக்கெழுதிக்கொண்டிருந்தவர் வேலை போனதும் 600 டாலர் கடன் வாங்கி 1938-ல் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். 1950-51 வாக்கில் வந்த டெலிகாஸ்டர், 1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் இரண்டும் அவர் பட்டறையில் பிறந்தவை. இத்தனைக்கும் அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. கழுத்து கெட்டால் கழற்றிப் போட்டு வேறு மாட்டு, மொத்தத்தையும் ஏன் தூக்கிப் போடுகிறாய் என்பது கணக்குப்பிள்ளை புத்தி. நம்ம ஆள்.

ஃபெண்டர் அளவில் பாக்கெட்டின் அகலம் 2 3/16 இஞ்ச், அதாவது 55.6 மி.மீ. ஆழம் 5/8 இஞ்ச், 15.9 மி.மீ. ஆனால் காப்பி கிடார் செய்தவர்கள் எல்லாரும் இதே அளவைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. என் கழுத்தின் ஹீல் வெர்னியர் காலிப்பரில் 57.2 காட்டியது. வாங்கிய புது உடம்பின் பாக்கெட் 55.9. வித்தியாசம் 1.3 மி.மீ. ஒரு ரூபாய் நாணயத்தின் தடிமன் கூட இல்லை. இதற்குத்தான் ஆறு மாதம் அலைந்தேன்.

முதலில் எல்லாரும் சொன்ன யோசனை, "கழுத்தைக் கொஞ்சம் சீவிடுங்க". லால்பஜார் பக்கம் இசைக்கருவிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே ஒருவர் சொன்னார். மர வேலை செய்யும் மிஸ்திரி சொன்னார். ஏன், தங்கமணியே சொன்னார். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஹீலின் தடிமன் ஒரு இஞ்ச். அதில் 16 மி.மீ. பள்ளத்துக்குள் போகிறது, மீதி 9 மி.மீ. சொச்சம் வெளியே நிற்கிறது. கீழ்ப்பகுதியை மட்டும் சீவினால் பக்கவாட்டில் ஒரு படி விழும். முழுசாகச் சீவினால் ஃபிரெட் கம்பிகளின் நுனி வரை இழைப்புளி போய்விடும். அதற்கப்புறம் ஒவ்வொரு கம்பியும் விரலைக் கிழிக்கும். உடம்பு என்பது பலகை, காசு கொடுத்தால் இன்னொன்று கிடைக்கும். கழுத்து கிடைக்காது. திரும்பக் கிடைக்காத சொத்தில் யாராவது கை வைப்பார்களா? கடனுக்கு அடமானம் பார்க்கும் எந்த ஆபீசரும் இதைத்தான் சொல்வார்.

(இன்னொரு காரணமும் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.)

ஆக பாக்கெட்டைத்தான் பெரிதாக்க வேண்டும். இதில் நான் பார்த்த தப்பு ஒன்றுதான், நானும் செய்த தப்பு. பிட் வாங்கப் போகிறவர்கள் முதலில் விட்டத்தைப் பார்க்கிறார்கள். அரை இஞ்சா, கால் இஞ்சா என்று. பிறகு விலை. தண்டின் அளவைப் பெட்டியைப் பிரித்த பிறகுதான் பார்க்கிறார்கள். வெட்டும் பகுதியின் நீளத்தைப் பார்ப்பதே இல்லை. என் கட்சி நேர் எதிர்: நீளம் முதலில், தண்டு இரண்டாவது, விட்டம் மூன்றாவது, விலை கடைசி.

ஏன் என்று என் செலவிலேயே சொல்கிறேன்.

இந்த வேலைக்கு வேண்டியது தண்டுப் பக்கம் பேரிங் உள்ள நேர் பிட். வேண்டிய அளவில் ஒரு அச்சுப் பலகை, அதாவது டெம்ப்ளேட், செய்து உடம்பின் மேல் ஒட்டிவிடுவோம். பேரிங் அந்த அச்சின் ஓரத்தை உரசிக்கொண்டே போகும், கீழே உள்ள கத்தி அதே கோட்டில் மரத்தை வெட்டும். நுனியில் பேரிங் உள்ள பிட்டும் கடையில் இருக்கும். லேமினேட் ஓரம் வெட்டுவதற்கு அது. அடி மூடிய பள்ளத்துக்கு அது ஆகாது, நுனியில் பேரிங் இடத்தை அடைத்துக்கொண்டால் தரை வரை கத்தி எப்படிப் போகும்? கடைக்காரர் இரண்டையும் "பேரிங் வாலா" என்று ஒரே பெயரில்தான் கொடுப்பார், உஷார்.

நான் முதலில் வாங்கியது 12.7 மி.மீ. விட்டம், மேலே பேரிங், எல்லாம் சரி. கத்தி நீளம் 25.4. நீளமாக இருந்தால் நல்லதுதானே, பின்னால் வேறு வேலைக்கும் ஆகுமே என்ற நம்ம வழக்கமான நடுத்தர வர்க்கப் புத்தி. அச்சுப் பலகை, வீட்டில் கிடந்த 6 மி.மீ. எம்.டி.எஃப். துண்டு. தெருமுனைப் பட்டறை மிஸ்திரியிடம் கொடுத்தேன். "ஹொயே ஜாபே, தாதா" என்றார். (இங்கே தாதா என்றால் அண்ணன். நம்மூர் தாதா இல்லை. வந்த புதிதில் பிராஞ்சில் என்னை தாதா என்று கூப்பிட்டபோது கொஞ்சம் கெத்தாகத்தான் இருந்தது.)

இப்போது கணக்கைப் பாருங்கள். பி.காம். கூட வேண்டாம், ஐந்தாம் வகுப்பு போதும். கத்தி 25.4 நீளம். அதன் நுனி பள்ளத்தின் தரையில், 16 ஆழத்தில். அப்படியானால் கத்தி முடிந்து பேரிங் தொடங்கும் இடம் உடம்பின் மேற்பரப்பிலிருந்து 9.4 மி.மீ. உயரத்தில். அச்சின் தடிமனோ 6. பேரிங் அச்சுக்கு மேலே 3.4 மி.மீ. உயரத்தில் காற்றில் சுற்றிக்கொண்டிருக்கிறது! அச்சை உரசுவது பேரிங் இல்லை, கத்தி. மிஸ்திரி மெஷினை இறக்கி ஓரத்தில் சாய்த்த அடுத்த நொடி கத்தி அச்சைத் தின்று, மரத்தையும் தின்றது. கண் சிமிட்டும் நேரத்தில் 4 மி.மீ. கடி. எலி கடித்த சோப்பு மாதிரி.

அவர் மேல் தப்பே இல்லை. பிட்டும் நான் கொடுத்தது, அச்சும் நான் கொடுத்தது.

அதே நாளில் இரண்டாவது பாடமும் நடந்தது. நான் வாங்கிய பிட்டின் தண்டு 6 மி.மீ. அவருடைய மெஷினில் இருந்த காலெட், அதாவது பிட்டைக் கவ்விப் பிடிக்கும் குழல், கால் இஞ்ச். 6.35. இரண்டும் இங்கே பக்கத்துப் பக்கத்துக் கொக்கியில் தொங்குகின்றன, இரண்டையும் "சின்ன சைஸ்" என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். 6 மி.மீ. தண்டு 6.35 காலெட்டில் தாராளமாக நுழையும், இறுக்கினால் பிடித்த மாதிரியும் இருக்கும். நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்று வரை ஓடும் மெஷினில் அது பிடிப்பே இல்லை. பிட் மெல்ல மெல்லக் கீழே நழுவி, பள்ளத்தின் ஓரம் நெடுக ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தது. வெர்னியரை விட்டுப் பார்த்தால் 17.5. கீழே நழுவியதோடு போயிற்று. வெளியே பறந்திருந்தால் யார் கண்ணோ, யார் வயிறோ. நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வேர்க்கிறது. அந்த 0.35 மி.மீ. வித்தியாசத்தைப் பெட்டி மேல் கொட்டை எழுத்தில் போட வேண்டும் என்பேன். எங்கள் ஆட்கள் கடன் பத்திரத்தில் போடும் பொடி எழுத்தை விடப் பொடியாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

ஆழம் கூடினால் என்ன ஆகும் என்று கேட்கலாம். கழுத்து அந்த அளவுக்குக் கீழே இறங்கும். தந்தி ஃபிரெட்டிலிருந்து உயரும், அழுத்த முடியாது. பிரிட்ஜில் உள்ள சேடிலை இறக்கிச் சமாளிக்கலாம், அதற்கும் ஒரு எல்லை உண்டு. தரையில் வெனீர் துண்டு ஒட்டி நிரப்பலாம். ஆழத்துக்குப் பரிகாரம் இருக்கிறது, பக்கச் சுவரில் விழுந்த கடிக்குச் சுலபமான பரிகாரம் இல்லை. அந்த உடம்பு இப்போது எங்கள் பால்கனியில் பயிற்சிப் பலகை. மூவாயிரத்துச் சொச்சம். தங்கமணி அதன் மேல் துளசித் தொட்டி வைக்கலாமா என்று இரண்டு முறை கேட்டாயிற்று.

அடுத்து நேதாஜி சுபாஷ் ரோடு. ஹார்டுவேர் கடைகள் அங்கே தோளோடு தோள் உரசிக்கொண்டு இருக்கும். மூன்று சனிக்கிழமை. (இரண்டாவது, நாலாவது சனிதான் எங்களுக்கு விடுமுறை என்பதால் கணக்குக்கு ஒன்றரை மாதம்.) நாலு கடையில் என்னிடம் காட்டியது ஒரே சாமான்தான், பதினைந்து பிட் கொண்ட மரப்பெட்டி. மூடியைத் திறந்தால் நகைப் பெட்டி மாதிரி மினுக்கும். ஓரம் உருட்ட ஒன்று, அலை அலையாகச் சித்திரம் போட ஒன்று, வி வடிவ வாய்க்காலுக்கு ஒன்று. அதில் எனக்கு வேண்டியது ஒன்று கூட இல்லை. நுனி பேரிங் இருக்கிறது, தண்டு பேரிங் இல்லை. இந்தப் பெட்டியை வாங்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம். கதவும் அலமாரியும் செய்கிறவருக்கு அது உதவலாம். ஒரு குழிக்காக வருகிறவனுக்கு அது தண்டம். எஃப்.டி. போட வந்த பெரியவர் தலையில் இன்சூரன்ஸையும் சேர்த்துக் கட்டுகிற வேலையைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நானும் செய்திருக்கிறேன். அதனால் மூடி திறக்கும் விதத்திலேயே வாசனை தெரிந்துவிட்டது.

ஐந்தாவது கடையில் ஒரு வயதானவர். காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒற்றை பிட்டைக் கொண்டுவந்து வைத்தார். விட்டம் 12.7, கத்தி நீளமும் 12.7, மேலே பேரிங், தண்டு கால் இஞ்ச். விலை, அந்தப் பதினைந்து பிட் பெட்டியில் கிட்டத்தட்டப் பாதி. பேரம் பேசவில்லை. பேசத் தோன்றவில்லை.

இந்தக் குட்டை பிட்டின் கணக்கு இப்படி. அச்சு 12 மி.மீ. எம்.டி.எஃப். முதல் இழுப்பு 8 மி.மீ. ஆழம். பேரிங் உடம்பிலிருந்து 4.7 உயரத்தில், அச்சை நன்றாக உரசுகிறது. அடுத்த இழுப்பு 12. கடைசி இழுப்பு முழு ஆழம் 16. இப்போது பேரிங்கின் பெரும்பகுதி உடம்புக்குள் 3.3 இறங்கிவிடும், பரவாயில்லை, முதல் இரண்டு இழுப்பில் வெட்டிய சுவரே அதற்கு அச்சாகிவிடுகிறது. இதுதான் குட்டைக் கத்தியின் அழகு. நீளக் கத்தியே கையில் இருக்கிறது, என்ன செய்ய என்கிறவர்கள் அச்சை 18 மி.மீ. தடிமனில் செய்யலாம், வேலை நடக்கும். ஆனால் 18-ம் 16-ம் சேர்ந்து 34 மி.மீ. பிட் மெஷினுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சின்ன டிரிம்மருக்கு அது அதிகம், அதிரும். தண்டில் முக்கால்வாசியாவது காலெட்டுக்குள் இருக்க வேண்டும். முழுக்க உள்ளே தள்ளி, அடியில் முட்டியதும் இரண்டு மூன்று மி.மீ. வெளியே இழுத்து இறுக்க வேண்டும். முட்டிய நிலையில் இறுக்கினால் பிடிப்பு ஏமாற்றும்.

விட்டத்துக்கு வருவோம். வட்டமாகச் சுற்றும் கத்தி சதுர மூலை வெட்டாது. 12.7 பிட் என்றால் மூலையில் 6.35 ஆரத்தில் ஒரு வளைவு நிற்கும். என் கழுத்தின் ஹீல் மூலை கிட்டத்தட்டச் சதுரம். அப்படியானால் மெல்லிய பிட் வாங்கலாமே? இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். தண்டே 6.35 இருக்கும்போது அதன் மேல் மாட்டும் பேரிங் அதை விடப் பெரிதாகத்தானே இருக்க முடியும்? பேரிங்கும் கத்தியும் ஒரே விட்டம் இருந்தால்தான் அச்சும் வெட்டும் ஒன்றாக வரும். ஆகவே இந்தத் தண்டில் 9.5-க்குக் கீழே மேல் பேரிங் பிட் சுலபத்தில் கிடைக்காது. அதற்கும் மெலிந்து போனால் பேரிங் இல்லாத பிட், மெஷின் அடியில் கைட் புஷ், புஷ் விட்டத்திலிருந்து பிட் விட்டத்தைக் கழித்துப் பாதியாக்கி அச்சை ஒவ்வொரு பக்கமும் அந்த அளவு பெரிதாக்கு என்று கணக்கு நீளும். இரண்டு மூலைக்கு எதற்கு இதெல்லாம்? சுவரை 12.7 வெட்டட்டும், மூலையை உளி எடுக்கட்டும். மிஸ்திரி இரண்டு மூலையையும் இரண்டு நிமிடத்தில் உளியால் எடுத்தார். பீடி கூட அணையவில்லை.

ஸ்பைரல் பிட் பற்றியும் ஒரு வார்த்தை. முறுக்கு மாதிரி இருக்கும், விலையும் அப்படி. அதில் மேல் நோக்கிச் சீவுவது, கீழ் நோக்கிச் சீவுவது என்று இரண்டு வகை. பெயின்ட் அடித்த உடம்பில் மேல் நோக்கிச் சீவும் வகையைக் கொண்டு போகவே கூடாது. ஓரத்தில் பெயின்ட்டைச் செதில் செதிலாகத் தூக்கிவிடும். எனக்கு இரண்டாவதாகக் கிடைத்தது பெயின்ட் அடித்த உடம்பு (கழுத்து வளைந்துபோன ஒரு பழைய கிடாரிலிருந்து, சக ஊழியரின் பையன் கொடுத்தது). நேர் பிட்டே போதும் என்று விட்டுவிட்டேன். வெட்டும் கோட்டைக் கூர்மையான கத்தியால் முதலில் கீறிவிட்டால் பெயின்ட் அந்தக் கோட்டோடு நின்றுவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு இதையும் சொல்ல வேண்டும்: உங்கள் வித்தியாசம் அரை மி.மீ.க்குள் என்றால் ரூட்டரைத் தொடாதீர்கள். பல கிடார்களில் பாக்கெட் உள்ளேயும் பெயின்ட் வழிந்து படிந்திருக்கும். அதைச் சுரண்டினாலே கழுத்து உட்காரும். மிச்சத்துக்கு நேரான மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாள். மெதுவாக வரும், ஆனால் கெடுத்தாலும் மெதுவாகத்தான் கெடும். ரூட்டரில் அந்த அவகாசம் இல்லை.

எனக்கு 1.3. ரூட்டர்தான். ஆனால் இரண்டு பக்கமும் பாதிப் பாதி என்று வெட்டிவிட முடியாது. கழுத்தின் நடுக்கோடு பிரிட்ஜின் நடுக்கோட்டோடு சேர வேண்டும், இல்லாவிட்டால் ஓரத்துத் தந்தி கழுத்தை விட்டு வழுக்கி விழும். பெரியவளும் நானும் கழுத்தைப் பாக்கெட்டின் மேலேயே வைத்து, இரண்டு ஓரத் தந்திக்குப் பதில் தையல் நூல் கட்டி, நகர்த்தி நகர்த்திப் பார்த்தோம். தடித்த தந்திப் பக்கம் 0.9, மெல்லிய தந்திப் பக்கம் 0.4 என்று வந்தது. மெல்லிய தந்திப் பக்கத்துச் சுவர் ஏற்கெனவே ஒல்லி, விரிசல் விடும் இடம் அதுதான் என்பதால் கணக்கு இப்படி வந்ததில் எனக்கு நிம்மதி. பின்சுவரைத் தொடவில்லை. அதை வெட்டினால் கழுத்து பிரிட்ஜை நோக்கிப் போய்விடும், சுருதி தப்பும். என் கழுத்து 648 மி.மீ. கணக்கு. பன்னிரண்டாவது ஃபிரெட் சரியாக நடுவில், 324-ல் விழ வேண்டும்.

அச்சு செய்ய விலைக்கு எதுவும் வாங்கவில்லை. அந்த நடுக்கோட்டைப் பலகையில் கிழித்து, கழுத்தையே அதன் மேல் வைத்து, இரண்டு பக்கமும் பின்னாலும் நேரான எம்.டி.எஃப். பட்டைகளை நெருக்கி ஒட்டினோம். கழுத்தை எடுத்தால் அதே அளவில் அச்சு. உடம்பின் பெயின்ட்டில் இரட்டைப் பக்க டேப் ஒட்ட பயமாக இருந்தது. அதனால் உடம்பில் மாஸ்கிங் டேப், அச்சின் அடியிலும் மாஸ்கிங் டேப், நடுவில் ஃபெவிக்விக். கல் மாதிரி நிற்கும், பிறகு டேப்போடு உரிந்து வரும். பால்கனியில் கிடந்த பழைய உடம்பில் ஒரு முறை வெட்டிப் பார்த்தோம். சொன்னேனே, பேரிங்கும் கத்தியும் ஒரே விட்டமா என்பதை அளவு பார்த்தால் மட்டும் போதாது, வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். சாணை பிடித்த பிட் என்றால் கத்தி இளைத்திருக்கும், பேரிங் அப்படியே இருக்கும், பள்ளம் சின்னதாக வரும்.

நாள் ஞாயிறு. நேரம் குறிப்பதுதான் பெரிய பாடு. கீழே வீட்டுக்கார மாசிமா மீனும் சோறும் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார். அந்த மதியத் தூக்கத்துக்கு இங்கே 'பாத் கூம்' என்று தனிப் பெயரே உண்டு, சோற்றுத் தூக்கம். அதைக் கெடுத்தவனுக்கு லேக் மார்க்கெட் ஏரியாவில் வேறு வீடு கிடைக்காது. காலை பத்தரைக்கு மிஸ்திரி வந்தார். இந்த முறை காலெட் அளவை நானே மூன்று முறை பார்த்தேன். கண்ணாடி, மூக்கு மறைப்பு. பள்ளத்தின் உள்ளே வெட்டும்போது மெஷின் கடிகார முள் போகும் திசையில் போக வேண்டும், எதிர்த்திசையில் போனால் கையை இழுத்துக்கொண்டு ஓடும். அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொன்னேன். "ஜானி, ஜானி" என்றார். தெரியுமாம். பள்ளத்தின் வாய் பக்கம், கத்தி வெளியே வரும் இடத்தில் சிராய் பிய்த்துக்கொள்ளும் என்று ஒரு கட்டையை முட்டுக் கொடுத்தார். அது எனக்குத் தெரியாது.

மொத்தம் ஏழு நிமிடம். அச்சை உரித்து, மூலையை உளியால் எடுத்து, கழுத்தை வைத்தால்... உட்காரவில்லை. தங்கமணி என்னைப் பார்க்க, நான் பெரியவளைப் பார்க்க, மிஸ்திரி மூலையில் ஒட்டியிருந்த ஒரு சிராயை நகத்தால் எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். டொக் என்று ஒரு சத்தம். உடம்பைப் பிடிக்காமல் கழுத்தை மட்டும் பிடித்துத் தூக்கினேன். உடம்பும் கூடவே வந்தது. ஸ்க்ரூ இன்னும் போடவில்லை.

அந்த இன்னொரு காரணம். எங்கள் அப்பா வீட்டுக்குள் வரும் எந்தப் பொருளிலும் வாங்கிய தேதியும் விலையும் எழுதிவிடுவார். பக்கெட், டார்ச் லைட், சுவர்க் கடிகாரத்தின் முதுகு, பேட்டரி செல். மின்வாரியத்தில் ஸ்டோர்ஸ் கிளார்க். 1999-ல் அந்தக் கிடாரைத் தனித்தனியாகக் கழற்றித்தான் சீனியரிடமிருந்து வாங்கி வந்தேன். கச்சேரியா பண்ணப் போறே என்று ஒரு வாரம் பேசாமல் இருந்தவர், நான் ஸ்க்ரூ வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரத்தில் ஹீலின் பக்கவாட்டில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார். 12.9.99, ரூ.1800. மாட்டிய பிறகு அது பள்ளத்துக்குள் மறைந்துவிடும், வெளியே தெரியாது. அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. கல்கத்தாவில் அந்த உடைந்த உடம்பிலிருந்து கழுத்தைக் கழற்றியபோதுதான் திரும்பப் பார்த்தேன். சீவுங்கள் என்று சொன்ன எல்லாருமே சீவச் சொன்னது அந்தப் பக்கத்தைத்தான்.

அச்சு செய்வதற்கு முன்னாலேயே எழுத்தின் மேல் செல்லோ டேப் ஒரு சுற்று ஒட்டிவிட்டேன். கழுத்து ரொம்ப இறுக்கமாகாமல் ஒரு மயிரிழை இடமும் விடவேண்டும் அல்லவா, அதற்கும் அதுவே ஆயிற்று. கேட்டால் டெக்னிக்கல் காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம் :-)

இப்போது மிச்சமிருப்பது பழைய நாலு ஸ்க்ரூ ஓட்டைகள். புது உடம்பின் ஓட்டைகளோடு அவை சேரவில்லை. மரக் குச்சி வைத்து அடைத்துப் புதிதாகத் துளை போட வேண்டும். வருகிற நாலாவது சனிக்கிழமை. இதற்கு எத்தனை மி.மீ. டிரில் பிட் என்று யாராவது செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், பெரியவள் ஜூலையில் கிளம்புகிறாள்.